கருக்குழாய் மறுஇணைப்புக்குப் பின் கருத்தரிப்பு: தம்பதியருக்கான வழிகாட்டி

தமிழ்நாட்டில் திருமண உறவில் இருக்கும் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. அகில இந்திய அளவில் இந்த எண்ணிக்கை 38. பெரும்பாலும் இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்தே, முப்பது வயதுக்கு முன்பே இது முடிந்துவிடுகிறது. அந்த வயதில் எடுத்த முடிவு வாழ்நாள் முழுவதற்கும் பொருந்திவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மறுமணம் செய்துகொண்டவர்கள், அவசரத்தில் கையெழுத்திட்டுவிட்டதாகப் பின்னர் உணர்ந்தவர்கள் எனப் பலரும் துண்டித்த கருக்குழாயை மீண்டும் இணைக்க முடியுமா என்று மருத்துவரைத் தேடி வருகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் உள்ளிட்ட கடலோர ஊர்களில் பிள்ளைகளை இழந்த பெற்றோரில் பலர் ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டவர்களாக இருந்ததால், அவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சையைச் செலவின்றிச் செய்துகொடுக்கத் தமிழ்நாடு அரசு ஏற்பாடு செய்தது. மருத்துவர்கள் 'ரீகேனலைசேஷன்' என்று குறிப்பிடும் இச்சிகிச்சை நம் ஊர்களில் பரவலாகத் தெரியவந்ததற்கு அந்தத் துயரமும் ஒரு காரணம். ஆண் குழந்தை வேண்டும் என்ற வீட்டாரின் நெருக்குதலால் வருகிறவர்களும் உண்டு. இந்த அறுவை சிகிச்சையால் குழந்தையின் பாலினத்தைத் தீர்மானிக்க முடியாது என்பதையும், வயிற்றில் கத்தி படப்போவது யாருக்கோ அவருடைய விருப்பமே முதலில் கேட்கப்பட வேண்டும் என்பதையும் அவர்களுக்கு வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பது ஒரு செய்தி. குழாய் அடைப்பின்றித் திறந்திருக்கிறது என்பது வேறொரு செய்தி. கரு தரித்தது என்பது இன்னொன்று. குழந்தை கைக்கு வந்தது என்பது முற்றிலும் தனி. மருத்துவமனை விளம்பரங்களில் 'வெற்றி' என்ற ஒரே சொல் இந்த நான்கையும் மாற்றி மாற்றிக் குறிக்கிறது. இந்த வழிகாட்டி நெடுகிலும் அவை தனித்தனியாகவே பேசப்படுகின்றன. மருத்துவரிடம் பேசும்போது நீங்களும் அப்படியே பிரித்துக் கேளுங்கள்.

பழைய டிஸ்சார்ஜ் அட்டையிலிருந்து தொடங்குங்கள்

முதல் வேலை, கருத்தடை செய்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் அட்டையைத் தேடி எடுப்பது. கருக்குழாய் எந்த முறையில் அடைக்கப்பட்டது, எவ்வளவு நீளம் போயிற்று, எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பொறுத்தே அடுத்தவை எல்லாம் அமைகின்றன. 'எல்.எஸ்.சி.எஸ். வித் ஸ்டெரிலைசேஷன்' என்று எழுதியிருந்தால் சிசேரியனோடு சேர்த்துச் செய்தது என்று பொருள். 'பி.எஸ்.' என்றிருந்தால் சுகப்பிரசவத்துக்குப் பின் ஓரிரு நாளில் தொப்புளுக்குக் கீழே சிறு கீறல் போட்டுச் செய்ததாக இருக்கும். 'லேப்' என்ற சொல் இருந்தால் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா செலுத்திப் பார்க்கும் முறை, வழியாக வளையமோ கிளிப்போ போட்டிருப்பார்கள்.

சிசேரியனோடும் பிரசவத்தோடும் செய்யப்படுபவற்றில் பெரும்பாலானவை பொமராய் முறையைச் சேர்ந்தவை. குழாயின் நடுப்பகுதியை வளைத்துத் தூக்கி, அடியில் கட்டுப்போட்டு, வளைவை மட்டும் வெட்டி எடுப்பார்கள். வெட்டியது சிறிதளவாக இருந்தால் மறுஇணைப்புக்கு நல்ல வாய்ப்பு உண்டு. சிலர் கூடுதல் எச்சரிக்கையாக நீளமாக வெட்டிவிடுவதும் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் போடும் சிலிக்கோன் வளையம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் குழாயைச் செயலிழக்கச் செய்கிறது. கிளிப் அதைவிடக் குறைவாக, அரை சென்டிமீட்டர் அளவையே பாதிப்பதால், இணைப்பதற்கு மிகவும் சாதகமானது அதுவே. மின்சாரத்தால் சுட்டு அடைக்கும் முறையில் வெளியே தெரிவதைவிட அதிக நீளம் உள்ளுக்குள் கருகியிருக்கும் என்பதால் அங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

இரண்டு நிலைகளில் மறுஇணைப்பைப் பற்றிய பேச்சே தேவையில்லை. கருக்குழாய்கள் முழுவதுமாக அகற்றப்பட்டிருந்தால் இணைப்பதற்கு ஒன்றும் இல்லை; சினைப்பைப் புற்றுநோயின் ஆபத்தைக் குறைக்கும் என்பதற்காகக் குழாயை முழுமையாக எடுத்துவிடும் வழக்கம் அண்மைக் காலமாகக் கூடிவருகிறது. குழாயின் நுனியில் விரல்கள் போல விரிந்து கருமுட்டையைப் பற்றிக்கொள்ளும் பகுதி வெட்டப்பட்டிருந்தாலும் பலன் மிகக் குறைவு. அட்டை தொலைந்திருந்தால், செய்த மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் அனுமதி எண், தேதி ஆகியவற்றைச் சொல்லிக் கேட்கலாம். எதுவும் கிடைக்காவிட்டால், முதலில் லேப்ராஸ்கோப்பி மூலம் குழாய்களைப் பார்த்து, தேறும் என்று தெரிந்தால் மட்டுமே தொடரும்படி மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம்.

கத்தி படுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கணவருக்கு விந்தணுப் பரிசோதனை செய்யாமல் மனைவியின் வயிற்றைத் திறப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அவருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருக்கலாம், இடையில் நீரிழிவு வந்திருக்கலாம், புகைப்பழக்கம் கூடியிருக்கலாம். மறுமணம் என்றால் கேட்கவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணுக்கள், அவற்றில் 42 விழுக்காடு அசைவுள்ளவை என்பது கீழ் எல்லை. இதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால், குழாயைச் சரிசெய்வதால் மட்டும் பயன் கிடைக்காது. ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் ஆய்வகச் சிகிச்சையே பொருத்தமாக இருக்கும்.

மனைவிக்கு ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனையும், மாதவிடாயின் தொடக்க நாட்களில் சினைப்பையில் உள்ள சிறு முட்டைப்பைகளை எண்ணும் ஸ்கேனும் செய்யப்படும். இவை முட்டைகளின் கையிருப்பை மட்டுமே காட்டும். தரத்தை வயதுதான் தீர்மானிக்கிறது. எச்.எஸ்.ஜி. எனப்படும் சாய எக்ஸ்ரேயில் கருப்பையின் உட்புறமும், கருப்பையை ஒட்டி மிஞ்சியிருக்கும் குழாய்த் துண்டும் தெரியும். வெட்டுக்கு அப்பால் உள்ள பகுதி அதில் தெரியாது. முன்பு காசநோய் வந்தவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இனப்பெருக்க உறுப்புகளைத் தாக்கும் காசநோய் கருக்குழாயின் உள்தோலை அழித்துவிடக்கூடியது. அப்படிப்பட்ட குழாயை எவ்வளவு நேர்த்தியாக இணைத்தாலும் அது வேலை செய்யாது. சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் ஆகியவற்றையும் இந்தக் கட்டத்திலேயே சீர்படுத்திக்கொண்டு, ஃபோலிக் அமில மாத்திரையைக் கருத்தரிக்க முயல்வதற்கு முன்பிருந்தே தொடங்கிவிடலாம்.

வெற்றி விழுக்காட்டைக் கேட்கும் முறை

பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், மறுஇணைப்பு செய்துகொண்ட பெண்களில் நூற்றுக்கு 42 முதல் 69 பேர் வரை கருத்தரித்திருக்கிறார்கள். இடைவெளி இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம், ஒவ்வோர் ஆய்விலும் வயதும் கருத்தடை முறையும் மிஞ்சிய குழாயின் நீளமும் வேறுபட்டிருப்பதுதான். ஆகவே ஒரு மருத்துவமனை தனக்கென ஒற்றை எண்ணைச் சொன்னால், அது உங்கள் எண் அல்ல. 'என் வயதில், என்னைப் போன்ற கருத்தடை முறையோடு வந்தவர்களில் எத்தனை பேருக்கு இங்கே குழந்தை பிறந்தது?' என்று கேளுங்கள். இதற்கு விடை சொல்லத் தயங்குகிறவரைவிட, 'அந்தக் கணக்கு எங்களிடம் இல்லை' என்று நேராகச் சொல்கிறவரை நம்பலாம்.

எல்லாவற்றையும் விடப் பெரிய காரணி வயது. 35 வயதுக்குக் கீழே, மற்ற அம்சங்கள் சாதகமாக இருந்தால், பத்துப் பேரில் ஏழு பேர் வரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. 40ஐத் தாண்டும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதோடு, தரித்த கரு நிலைப்பதும் வயதைப் பொறுத்தது: இருபதுகளின் பிற்பகுதியில் பத்துக் கர்ப்பங்களில் ஒன்று போலக் கலைகிறது என்றால், 40 முதல் 44 வயதில் மூன்றில் ஒன்று கலைகிறது. இது மறுஇணைப்பின் குறையன்று. அந்த வயதில் கருத்தரிக்கும் எவருக்கும் உள்ள நிலைதான். ஆனால் 42 வயதில் வருகிறவருக்கு 'கருத்தரிப்பு விழுக்காடு' மட்டும் சொல்லி அனுப்புவது பாதிக் கணக்கைச் சொல்வதாகும்.

அடுத்தது குழாயின் நீளம். இயல்பான கருக்குழாய் 10 முதல் 12 சென்டிமீட்டர் இருக்கும். இணைத்த பிறகு குறைந்தது நான்கு சென்டிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்று பெரும்பாலான மருத்துவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதற்கு மேல் கூடக்கூட வாய்ப்பும் கூடும். ஒரு பக்கக் குழாய் மட்டுமே தேறினாலும் கருத்தரிக்க முடியும்.

டெஸ்ட் டியூப் முறையா, மறுஇணைப்பா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. மறுஇணைப்பு பலித்தால் மாதாமாதம் இயற்கையாக முயலலாம், ஒரே அறுவை சிகிச்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளும் பிறக்கலாம், இரட்டைக் கர்ப்பத்தின் வாய்ப்பும் அதிகரிக்காது. டெஸ்ட் டியூப் முறையில் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை என்றாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசிகளும் செலவும் உண்டு. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி அந்தச் சிகிச்சை பெறும் பெண் 21 முதல் 50 வயதுக்குள்ளும் ஆண் 21 முதல் 55 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். முப்பதுகளின் நடுவைத் தாண்டாத, கணவரின் விந்தணு நன்றாக உள்ள பெண்ணுக்கு மறுஇணைப்பையே முதலில் யோசிக்கலாம் என்பது என் கருத்து. நாற்பதை நெருங்கியவருக்கோ ஓராண்டு காத்திருப்பதே பெரிய இழப்பு. குழாய் மிகக் குட்டையாக இருப்பவருக்கும் விந்தணுக் குறைபாடு உள்ளவருக்கும் போலவே அவருக்கும் டெஸ்ட் டியூப் முறைதான் நேர்வழி.

அறுவை அரங்கில் நடப்பது

பெரும்பாலும் அடிவயிற்றில் சிறு குறுக்குக் கீறல் போட்டோ, லேப்ராஸ்கோப்பி வழியாகவோ செய்வார்கள். அடைபட்ட இரண்டு முனைகளிலும் உள்ள தழும்பைச் சிறிது சிறிதாகச் சீவி, சிவந்த உயிருள்ள உள்தோல் தெரியும் வரை போவார்கள். கருப்பையை ஒட்டிய பகுதியில் குழாயின் உட்துளை குண்டூசித் தலையளவே இருக்கும் என்பதால் உருப்பெருக்கிக் கண்ணாடியோ நுண்ணோக்கியோ தேவைப்படுகிறது. தலைமுடியளவு மெல்லிய இழையால் உள்துளைக்குள் நூல் நீட்டாதபடி நான்கு திசைகளிலும் தையல் போட்டு, வெளித்தோலைத் தனியாக மூடுவார்கள். பிறகு கருப்பை வாய் வழியாக நீலச் சாயத்தைச் செலுத்தும்போது, அது இணைப்பைக் கடந்து குழாயின் விரல்நுனிகளிலிருந்து சொட்டினால் பாதை திறந்துவிட்டது என்று அறியலாம். இரண்டு குழாயிலும் சாயம் வந்ததா, ஒன்றிலா, மிஞ்சிய நீளம் எவ்வளவு என்ற விவரங்களை டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதித் தரும்படி கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பின்னால் வேறு மருத்துவரிடம் போகும்போது அந்த இரண்டு வரிகள்தான் பேசும்.

காத்திருக்கும் மாதங்கள்

ஒன்றிரண்டு மாதவிடாய் கழிந்தபின், அறுவை செய்த மருத்துவர் ஒப்புதல் தந்ததும் முயலத் தொடங்கலாம். கருத்தரிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். 35 வயதுக்குக் குறைந்தவர்கள் ஓராண்டு வரையும், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதம் வரையும் முயன்று பலன் இல்லையென்றால் எச்.எஸ்.ஜி. எடுத்துக் குழாய் இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் நன்றாக இணைந்த குழாயும் தழும்பால் மீண்டும் அடைபடுவது உண்டு. அடைபட்டிருந்தால் இரண்டாம் முறை இணைக்கக் காலத்தைச் செலவிடுவதைவிட டெஸ்ட் டியூப் முறைக்கு மாறிவிடுவதே பெரும்பாலும் அறிவுடைமை. மாதவிடாய் ஓரிரு நாள் முன்பின் ஆவது இயல்பு என்று விட்டுவிடாமல், இந்தக் காலம் முழுவதும் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த கட்டத்தில் அந்தக் குறிப்புக்கு மதிப்பு மிக அதிகம்.

நாள் தள்ளிப்போனால்

மறுஇணைப்புக்குப் பின் வரும் கர்ப்பத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டியவை நாள் தள்ளிப்போன பிறகு வரும் முதல் மூன்று நான்கு வாரங்கள்தான். தைத்த இடம் குறுகலாகவோ தழும்போடோ இருந்தால், கருவுற்ற முட்டை கருப்பைக்கு இறங்காமல் குழாயிலேயே ஒட்டி வளரத் தொடங்கிவிடும். பொதுவாக நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு இப்படிக் குழாயில் தங்குகின்றன. மறுஇணைப்புக்குப் பின் இது நூற்றுக்கு ஏறக்குறைய 4 முதல் 8 வரை உயர்கிறது. குழாய் வெடித்தால் வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். அது உயிருக்கே ஆபத்து.

வீட்டில் சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு தெரிந்தால் கரு உண்டு என்று மட்டுமே பொருள். அது எங்கே இருக்கிறது என்பதை அந்தக் கோடுகள் சொல்லாது. எனவே நாள் தள்ளிப்போன வாரத்திலேயே மருத்துவரிடம் போய், 'குழாய் மறுஇணைப்பு செய்தவள்' என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. எனப்படும் கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பார்த்து, 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி பார்ப்பார்கள். நல்ல கர்ப்பத்தில் தொடக்க நாட்களில் அது குறைந்தது பாதியளவாவது கூட வேண்டும். மெதுவாக ஏறுவது எச்சரிக்கை மணி. ஆனால் ஒழுங்காக ஏறுகிறது என்பதற்காகக் குழாய்க் கர்ப்பம் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணி ஐந்தரை, ஆறு வார அளவில் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனில், கருப்பைக்குள் கரு வளரும் சிறு நீர்ப்பையும் அதனுள் மஞ்சள் கருவின் பையும் தெரிந்தால்தான் நிம்மதி கொள்ளலாம். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் இவ்வளவு சீக்கிரத்தில் தெளிவு கிடைக்காது. கூச்சத்தால் உள்வழி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, விட்டு விட்டு வரும் பழுப்பு நிறக் கசிவு, தலைச்சுற்றல், மயக்கம், காரணமின்றித் தோள்பட்டை நுனியில் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். தோளில் வலி வருவது வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால். வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. 108ஐ அழைத்து, அறுவை வசதியும் ரத்த வசதியும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். கசிவை மாதவிடாய் என்று எண்ணி ஏமாறாமல் இருக்கத்தான் தேதிகளைக் குறித்து வைக்கச் சொன்னது.

குழாய்க் கர்ப்பம் வெடிப்பதற்கு முன்பே கண்டறியப்பட்டால், மெத்தோட்ரெக்ஸேட் ஊசியால் கரையவைக்கலாம். அளவும் நிலையும் அதற்குப் பொருந்த வேண்டும். அந்த ஊசி வேலை செய்யும் காலத்தில் ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும், எச்.சி.ஜி. முற்றிலும் இறங்கும் வரை ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும், அடுத்த கர்ப்பத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால் ஆன்டி-டி ஊசியைப் பற்றிக் கேட்க மறக்கக் கூடாது. ஒரு முறை குழாய்க் கர்ப்பம் வந்தவருக்கு மறுமுறை வரும் ஆபத்து கூடுதல் என்பதால், மீண்டும் இயற்கையாக முயல்வதா என்பதை மருத்துவருடன் புதிதாகவே பேசி முடிவு செய்ய வேண்டும்.

கரு கருப்பைக்குள்தான் இருக்கிறது, இதயத் துடிப்பும் தெரிகிறது என்றால், அதன்பின் இந்தக் கர்ப்பம் மற்ற கர்ப்பங்களைப் போன்றதே. 'தங்க வேண்டுமே' என்ற பயத்தில் மூன்று மாதம் படுக்கையிலேயே இருப்பதாலோ, வாராவாரம் ஊசி போடுவதாலோ கூடுதல் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்வது, 11 முதல் 14 வாரங்களுக்குள் ஸ்கேன், சர்க்கரைப் பரிசோதனை, ரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகியவற்றைத் தவறாமல் செய்தால் போதும். முந்தைய பிரசவத்துக்குப் பின் வயது கூடியிருக்கும் என்பதால், அப்போது இல்லாத சர்க்கரையும் அழுத்தமும் இப்போது தலைகாட்டலாம்.

இரண்டு சிசேரியனுக்குப் பின் மூன்றாவது கர்ப்பம்

தமிழ்நாட்டில் பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 சிசேரியன் என்று தொடக்கத்தில் சொன்ன 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. இரண்டாவது சிசேரியனோடு கருத்தடை செய்துகொண்டு, பிறகு குழாயை இணைத்துக்கொண்டவருக்குக் குழாயைவிடக் கருப்பையின் தழும்பே பெரிய கவலையாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆலோசனையின்போது இதைப் பற்றிப் பேச்சே எழாமல் போவது வழக்கமாகிவிட்டது.

முதல் ஸ்கேனிலேயே கரு பழைய சிசேரியன் தழும்பின் மேல் பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடு மாதங்களில் நச்சுக்கொடி கருப்பை வாயை மூடியபடி கீழே இருந்தால், அது தழும்புக்குள் வேரோடியிருக்கிறதா என்று தனியாக ஆராய வேண்டும். நச்சுக்கொடி அப்படிக் கீழே இருந்து, நடக்கவிருப்பது மூன்றாவது சிசேரியன் என்றால், வேரோடியிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 40 அளவுக்கு இருக்கும் என்று ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு கண்டறிந்தது. பிரசவத்தில் பெருமளவு ரத்தம் போகலாம், கருப்பையையே அகற்ற நேரலாம் என்பதால், முன்கூட்டியே தெரிந்துகொண்டு ரத்த வங்கி உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடுவது உயிர் காக்கும்.

முந்தையவை சுகப்பிரசவமாக இருந்தால், மறுஇணைப்பு மட்டும் சிசேரியனுக்குக் காரணமாகாது, ஏனெனில் அதில் பொதுவாகக் கருப்பைச் சுவர் வெட்டப்படுவதில்லை. குழாயைக் கருப்பைச் சுவருக்குள் பதித்து இணைத்திருந்தால் அது விதிவிலக்கு. அங்கே பிரசவ வலியின்போது சுவர் கிழியும் ஆபத்து இருப்பதால், அறுவைச் சிகிச்சைக் குறிப்பைக் காட்டி, வலி வரும் முன்பே பிரசவ முறையை முடிவு செய்துகொள்ள வேண்டும்.

குழந்தை பிறந்த பின் செய்யவேண்டிய கருத்தடையைப் பற்றிக் கர்ப்பத்தின் எட்டாவது மாதத்திலேயே பேசிவைப்பது நல்லது. பிரசவ மேசையில் கேட்டுக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தால்தான் பலர் இந்த நீண்ட வழியை நடக்க நேர்ந்தது. இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக இருந்தால் கணவருக்குச் செய்யும் வாசக்டமி எளிது. உறுதியில்லை என்றால் காப்பர்-டி போடலாம். வேண்டும்போது அதை எடுத்துவிட முடியும்.